கறுப்புக் காய் கிடைத்தால் கலங்க வேண்டாம்

(பள்ளிச் சதுரங்கக் கழகத்தின் மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சதுரங்கத்தைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். சதுரங்கத்தின் பெருமை, அது மூளையை வளர்க்கும் விதம் என்றெல்லாம் பேசினால் நீங்கள் கைதட்டுவீர்கள். வீட்டுக்குப் போனதும் மறந்துவிடுவீர்கள். ஆகவே ஒரே ஒரு சங்கதியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். கறுப்புக் காயை வைத்துக்கொண்டு ஆட்டத்தை எப்படித் தொடங்குவது என்பதுதான் அது.

போட்டிக்கு நம் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு போகிறோம். சுவரில் பட்டியல் ஒட்டுவார்கள். பிள்ளைகள் ஓடிப்போய்ப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுத் திரும்பி வரும்போது முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும், யாருக்கு வெள்ளை, யாருக்குக் கறுப்பு என்று. "சார், கறுப்பு வந்துருச்சு சார்" என்று சொல்லும் குரலில் பாதி ஆட்டம் அப்போதே தோற்றுப்போயிருக்கும். ஆறு சுற்று ஆடினால் ஏறக்குறைய மூன்று கறுப்புதான். கறுப்பு வந்தாலே தோல்வி என்று நினைக்கிற பிள்ளை, காய் நகர்த்துவதற்கு முன்பே போட்டியில் பாதியை எதிராளிக்குத் தாரை வார்த்துக் கொடுத்துவிடுகிறது.

வெள்ளைக்கு ஒரு சௌகரியம் உண்டு, மறுக்கவில்லை. முதலில் நகர்த்துவது அவர்தான். ஒரு நடை முன்னால் இருக்கிறார். ஆனால் அந்த ஒரு நடைக்கு நாம் கொடுக்கும் மரியாதை ரொம்ப அதிகம்.

மேற்கொண்டு போவதற்கு முன்னால், காய்களின் பெயர் விஷயத்தில் ஒரு சின்ன உடன்படிக்கை செய்துகொள்வோம். நம் பெரியவர்கள் ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்கும் பெரிய காயை மந்திரி என்பார்கள். மலாய்க்காரர்களும் அதை மெந்திரி என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் இன்றைக்குப் பல தமிழ்ப் புத்தகங்களில் மந்திரி என்றால் குறுக்காகப் போகும் காய். யானை கதை இன்னும் மோசம். நம் வீட்டில் மூலையில் நிற்பது யானை. மலாயில் காஜா என்று சொன்னாலோ அது குறுக்காகப் போகும் காய். ஒரு பையன் பக்கத்துப் பள்ளி நண்பனோடு ஆடும்போது "யானையை எடு" என்றதற்கு அவன் வேறு எதையோ எடுத்து, இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் இன்று ராஜா, ராணி, கோட்டை, குதிரை, சிப்பாய் என்று சொல்கிறேன். குறுக்காகப் போவதைப் பிஷப் என்றே சொல்லிவிடுகிறேன். தமிழாசிரியர்கள் மன்னிக்க வேண்டும்.

கட்டங்களுக்குப் பெயர் உங்களுக்குத் தெரியும். வெள்ளையின் இடப்பக்கத்திலிருந்து ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்று எட்டு வரிசை. கீழிருந்து மேலே ஒன்று முதல் எட்டு. வெள்ளை ராஜாவின் முன்னால் நிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம் போனால் அது இ-4. உங்களில் முக்கால்வாசிப் பேர் வெள்ளையாக இருந்தால் முதலில் அதைத்தான் ஆடுவீர்கள். எதிராளியும் அதைத்தான் ஆடுவார்.

அதற்குக் கறுப்பு என்ன பதில் சொல்வது? நம் பிள்ளைகள் வழக்கமாகச் செய்வது, அவர் செய்ததையே தாமும் செய்வது. இ-5. இதில் தப்பு ஒன்றும் இல்லை. பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் ஆடுவதுதான். ஆனால் அடுத்து வெள்ளை பிஷப்பைச் சி-4க்குக் கொண்டுவருவார். நாம் குதிரையைச் சி-6இல் வைப்போம். அவர் ராணியை எச்-5இல் கொண்டுவந்து வைப்பார். நாம் "ஆகா, ராணி வந்துவிட்டது, விரட்டுவோம்" என்று இன்னொரு குதிரையை எஃப்-6இல் வைப்போம். ராணி எஃப்-7 சிப்பாயைச் சாப்பிடும். செக்மேட். நாலே நடை. வேன் டிரைவர் டீ குடித்து முடிப்பதற்குள் பிள்ளை வெளியே வந்து நிற்கும். இங்கே சிரிக்கிறவர்கள் எல்லாரும் ஒரு நாளாவது இப்படித் தோற்றவர்கள்தான். நானும்தான்.

இன்றைக்கு நான் சொல்லப் போகும் பதில் வேறு. வெள்ளை இ-4 ஆடினால் நாம் சி-6. அதாவது, நம் ராணியின் பக்கத்தில் இருக்கும் பிஷப்புக்கு முன்னால் நிற்கிற சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்துகிறோம். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். இதற்குக் காரோ-கான் தற்காப்பு என்று பெயர். பெர்லினில் இருந்த ஹொரேஷியோ காரோ, வியன்னாவின் மார்க்கஸ் கான் என்ற இரண்டு பேர் 1886இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். இரண்டு பேரும் உலகச் சாம்பியன்கள் அல்லர். அவர்கள் பெயர் மட்டும் இன்றுவரை நிற்கிறது.

இந்தச் சின்ன நடைக்கு என்ன அர்த்தம்? அடுத்த நடையில் டி-5 ஆடி, வெள்ளையின் இ-4 சிப்பாயை நேராகப் போய் மோதப்போகிறோம். "அப்படியானால் முதல் நடையிலேயே டி-5 ஆடலாமே?" என்று கேட்பீர்கள். ஆடலாம். அவர் சாப்பிடுவார். நாம் ராணியால் திருப்பிச் சாப்பிட வேண்டும். உடனே அவர் குதிரையை வெளியே எடுத்து ராணியை மிரட்டுவார். ராணி ஓட வேண்டும். ஒரு நடை வீண். சி-6 ஆடிவிட்டால், அவர் சாப்பிட்டாலும் நாம் சிப்பாயால் திருப்பிச் சாப்பிடலாம். ராணி வீட்டில் சுகமாக இருக்கும். "சரி, சி-6க்குப் பதிலாக இ-6 ஆடி டி-5க்குத் துணை வைக்கலாமே?" அதுவும் ஒரு நல்ல தற்காப்புதான், பிரெஞ்சுத் தற்காப்பு என்பார்கள். அதில் ஒரு தொல்லை. இ-6 சிப்பாய் நம் ராணிப்பக்கப் பிஷப்பின் வாசலை மூடிவிடும். அது ஆட்டம் முழுக்க வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். காரோ-கானில் அந்த வாசல் திறந்தே இருக்கிறது. இந்தப் பிஷப்பை மறந்துவிடாதீர்கள். நான் இன்று பேசுவதில் பாதி இந்த ஒரு பிஷப்பைப் பற்றித்தான்.

இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. சி-6இல் சிப்பாய் நின்றால் நம் குதிரைக்கு அந்த நல்ல இடம் போய்விடுகிறது. அது டி-7 வழியாகச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். இந்த விலையைக் கொடுத்துத்தான் மேற்சொன்ன வசதியை வாங்குகிறோம்.

நாலு நடைச் செக்மேட் இங்கே நடக்குமா? வெள்ளை இரண்டாவது நடையில் பிஷப்பைச் சி-4இல் வைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் டி-5. சிப்பாயையும் பிஷப்பையும் ஒரே நேரத்தில் மிரட்டியாகிவிட்டது. ராணியை எச்-5இல் கொண்டுவந்தால், குதிரையை எஃப்-6இல் வைத்து விரட்டலாம். அங்கே பிஷப் உதவிக்கு இல்லாதபோது எஃப்-7க்கு ஆபத்து இல்லை. அந்தப் பழைய வித்தை இங்கே செல்லுபடியாகாது. இந்த ஒரு காரணத்துக்காகவே மூன்றாம் ஆண்டு, நாலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

உங்களில் பெரியவர்கள் ஆடு புலி ஆட்டம் ஆடியிருப்பீர்கள். தோட்டத்தில் லயத்து வாசலில் கரித்துண்டால் கோடு கிழித்து, மூன்று புலிக்குப் புளியங்கொட்டை, பதினைந்து ஆட்டுக்குச் சின்னக் கல் என்று வைத்து ஆடுவோம். ஆடு எப்போது சாகும்? அதன் பின்னால் இருக்கும் இடம் காலியாக இருந்தால் புலி தாண்டி வெட்டிவிடும். பின்னால் இன்னொரு ஆடு நின்றால் புலி ஒன்றும் செய்ய முடியாது. ஒன்றின் பின்னால் ஒன்றாக நின்று நெருங்கி நெருங்கியே ஆடுகள் புலியைக் கட்டிப்போடும். காரோ-கானில் சி-6 சிப்பாய் டி-5 சிப்பாயின் பின்னால் நிற்பது அந்த மாதிரித்தான். எனக்கு இந்தத் தற்காப்பைப் பார்த்த அன்றே பிடித்துப்போனதற்கு அந்தப் பழைய ஆட்டம்தான் காரணமோ என்னவோ.

இப்போது முக்கியமான வழிக்கு வருவோம். பலகையைப் பாருங்கள்.

வெள்ளை இ-4, நாம் சி-6. வெள்ளை டி-4, நாம் டி-5. வெள்ளை தன் சிப்பாய்க்குக் காவலாகக் குதிரையைச் சி-3இல் வைக்கிறார். நாம் இ-4இல் இருக்கும் சிப்பாயைச் சாப்பிடுகிறோம். அவர் குதிரையால் திருப்பிச் சாப்பிடுகிறார். இப்போது நாம் பிஷப்பை எஃப்-5க்குக் கொண்டுவருகிறோம். வந்ததும் வராததுமாகக் குதிரையை மிரட்டுகிறது. குதிரை ஜி-3க்குப் போய் நம் பிஷப்பைத் திருப்பி மிரட்டும். பிஷப் ஜி-6க்கு ஒதுங்கும்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். வெள்ளை இப்போது ஓரத்துச் சிப்பாயை எச்-4க்குத் தள்ளுவார். ஏன் தள்ளுகிறார்? வெறுமனே தள்ளவில்லை. அடுத்து எச்-5 வந்தால் நம் பிஷப் எங்கே ஓடும்? எஃப்-5க்குப் போனால் குதிரை சாப்பிடும். இ-4க்குப் போனாலும் அதே குதிரை சாப்பிடும். அதற்கப்பால் போனால் வெள்ளையின் பிஷப்போ ராணியோ பிடித்துவிடும். பிஷப் மாட்டிக்கொண்டது! ஆகவே நாம் எச்-6 ஆட வேண்டும். அப்போது எச்-7 கட்டம் காலியாகிறது. எச்-5 வந்தால் பிஷப் எச்-7க்குள் நுழைந்துகொள்ளும். வீட்டுக்குப் பின்கதவு மாதிரி.

பிறகு குதிரை எஃப்-3, நம் குதிரை டி-7. எச்-5, பிஷப் எச்-7. வெள்ளை பிஷப்பை டி-3க்குக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளச் சொல்வார். மாற்றிக்கொள்கிறோம். ராணி சாப்பிடும். அப்போதுதான், பத்தாவது நடையில்தான், நாம் இ-6 ஆடுகிறோம். பிஷப் வெளியே போய், வேலையை முடித்து, மாற்றிக்கொண்டும் ஆகிவிட்டது. இனி வாசலை மூடினால் நஷ்டம் இல்லை. மனப்பாடம் செய்ய வேண்டிய வாசகம் ஒன்று உண்டென்றால் அது "முதலில் பிஷப், அப்புறம் இ-6" என்பதுதான்.

வெள்ளை மூன்றாவது நடையில் சிப்பாயை இ-5க்குத் தள்ளிவிட்டால்? அப்போதும் பிஷப் எஃப்-5. பிறகு இ-6. பிறகு, இதைக் கவனியுங்கள், சி-6இல் நிற்கும் சிப்பாயைச் சி-5க்குத் தள்ளி வெள்ளையின் டி-4ஐ இடிக்க வேண்டும். பிள்ளைகள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். சுவரைக் கட்டிவிட்டு அதற்குப் பின்னால் படுத்துத் தூங்கிவிடுகிறார்கள். வெள்ளை ஆற அமரக் காய்களைக் கொண்டுவந்து குவிப்பார். அந்தச் சி-5 இடி இல்லாமல் காரோ-கான் தற்காப்பு பாதிதான்.

இந்த வழியிலும் பிஷப்புக்கு ஒரு கண்ணி இருக்கிறது. நாம் பிஷப்பை எஃப்-5இல் வைத்ததும் அவர் எச்-4 ஆடுவார். நீங்கள் வழக்கம்போல இ-6 ஆடினால் வந்தது வினை. அவர் ஜி-4 ஆடுவார். பிஷப் இ-4க்கு ஓடும். அவர் எஃப்-3. பிஷப் ஜி-6க்கு வரும். எச்-5. பிஷப் போச்சு! ஆகவே எச்-4க்கு நாமும் எச்-5 ஆடி நிறுத்த வேண்டும். போன வழியில் எச்-6 ஆடினோம், இந்த வழியில் எச்-5 ஆடுகிறோம். மனப்பாடம் செய்கிறவனுக்கு இது குழப்பம். பிஷப்புக்கு எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று பார்க்கிறவனுக்கு ஒரு குழப்பமும் இல்லை.

மூன்றாவது நடையில் வெள்ளை சிப்பாயைச் சாப்பிட்டு மாற்றிக்கொண்டால் நாமும் சி-சிப்பாயால் திருப்பிச் சாப்பிட்டுக் காய்களை ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வேண்டியதுதான். அதைச் சாதாரணம் என்று அலட்சியப்படுத்தக் கூடாது. 1970இல் பெல்கிரேடில் பாபி பிஷர் அந்த எளிய வழியை ஆடித்தான், தற்காப்பில் எமகாதகர் என்று பெயர் பெற்ற பெட்ரோசியனை வென்றார். இதை வேறொரு நாள் பார்க்கலாம்.

இனி நான் சொல்லப்போவது கொஞ்சம் சங்கடமான விஷயம். சம்பந்தப்பட்ட மாணவியிடமும் அவர் பெற்றோரிடமும் அனுமதி வாங்கிக்கொண்டுதான் சொல்கிறேன்.

போன ஆண்டு ஐந்தாம் ஆண்டில் இருந்த மாணவி. அவருக்குக் காரோ-கானை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இப்போது உங்களுக்குச் சொன்ன அதே பிஷப் வழி. நன்றாக ஆடினார். போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது எனக்கு ஒரு புத்தி வந்தது. நாலாவது நடையில் பிஷப்பை எடுக்காமல் முதலில் குதிரையை டி-7இல் வைக்கிற வழி ஒன்று உண்டு; அடுத்து இன்னொரு குதிரையை எஃப்-6க்குக் கொண்டுவந்து வெள்ளைக் குதிரையை மாற்றிக்கொள்வது அதன் நோக்கம். பெரிய ஆட்டக்காரர்கள் ஆடுவது. புத்தகத்தில் படித்த உற்சாகத்தில், "இதை ஆடும்மா, இது இன்னும் கெட்டி" என்று மாற்றிச் சொல்லிக்கொடுத்தேன். "குதிரை டி-7, அடுத்தது குதிரை எஃப்-6. மறந்துடாதே" என்றேன்.

கடைசிச் சுற்று. நம் குழுவுக்கு அரைப் புள்ளி தேவை. மற்ற மேசைகள் முடிந்துவிட்டன. அவருக்குக் கறுப்பு. இ-4, சி-6. டி-4, டி-5. குதிரை சி-3, சாப்பிட்டார். குதிரை திருப்பிச் சாப்பிட்டது. குதிரை டி-7. எல்லாம் சரி. எதிரில் இருந்த பையன் ராணியை ஒரே ஒரு கட்டம் நகர்த்தி இ-2இல் வைத்தான். பார்ப்பதற்கு அசட்டு நடை. தன் பிஷப்பின் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறான். நம் பிள்ளை, நான் சொன்னதை மறக்காமல், குதிரையை எஃப்-6இல் வைத்தார்.

அந்தப் பையன் குதிரையைத் தூக்கி டி-6இல் வைத்தான். செக்மேட். ஆறாவது நடை.

பலகையில் வைத்துக் காட்டுகிறேன், பாருங்கள். டி-6இல் நிற்கும் குதிரையை இ-7 சிப்பாய் சாப்பிட்டுவிடலாம் என்றுதான் தோன்றும். முடியாது. இ-2இல் இருக்கிற ராணி, அந்த நீண்ட வரிசை முழுவதும் நேராக நம் ராஜாவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. சிப்பாய் நகர்ந்தால் ராஜா வெட்டுக்கு ஆளாவார். ராஜா ஓடலாமா? பக்கத்தில் ராணி, பிஷப், குதிரை, சிப்பாய்கள், எல்லாம் நம்முடைய காய்களே. சொந்தக்காரர்களே சுற்றி நின்று மூச்சு முட்ட வைத்துவிட்டார்கள்.

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வேனுக்குப் போகும்போது என் பக்கத்தில் வந்து, "சார், நீங்க சொன்ன மாதிரிதானே சார் ஆடுனேன்? என்மேல என்ன சார் தப்பு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. "பரவாயில்லைம்மா" என்றேன். அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தப்பு அவருடையது அல்ல. நான் நடையைச் சொல்லிக்கொடுத்தேன், காரணத்தைச் சொல்லிக்கொடுக்கவில்லை. எதிராளி ஒரு காயை நகர்த்தினால், நாம் என்ன ஆட நினைத்திருந்தோம் என்பதை ஒரு கணம் மறந்துவிட்டு, "இவர் ஏன் இங்கே வைத்தார்? போன நடையில் இல்லாத எது இப்போது பலகையில் இருக்கிறது?" என்று கேட்கப் பழக்கவில்லை. அங்கே இ-6 ஆடியிருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது. டி-6க்கு வருகிற குதிரையை நம் பிஷப் சாப்பிட்டிருக்கும். டி-7 குதிரையையே எஃப்-6க்குக் கொண்டுவந்திருந்தாலும் தப்பித்திருக்கலாம். கெட்டியான தற்காப்பு என்று நான் சொன்ன வார்த்தையை நம்பி, கண்ணை மூடிக்கொண்டு கதவைத் தாழிட்டார். திருடன் ஏற்கனவே உள்ளே வந்துவிட்டான்.

அன்று இரவு பழைய ஆட்டங்களைப் புரட்டினேன். 1997ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் தேதி, நியூயார்க். உலகச் சாம்பியன் காஸ்பரோவ் ஒரு பக்கம், ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் புளூ கணினி மறுபக்கம். ஐந்து ஆட்டம் முடிந்து இருவரும் சமநிலை. ஆறாவதுதான் கடைசி. காஸ்பரோவுக்குக் கறுப்பு. அவர் தேர்ந்தெடுத்தது காரோ-கான், அதுவும் இதே குதிரை டி-7 வழி. கெட்டியாக ஆடி எந்திரத்தைக் களைப்படைய வைக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ. ஏழாவது நடையில் பிஷப்பை டி-6க்குக் கொண்டுவர வேண்டிய இடத்தில் அதற்கு முன்பே எச்-6 ஆடிவிட்டார். ஜி-6 கட்டத்துக்குக் காவலாக எச்-7இல் நின்ற சிப்பாய் இடம் பெயர்ந்துவிட்டது. டீப் புளூ ஒரு குதிரையைக் கொடுத்து இ-6ஐ உடைத்தது. பிஷப் ஜி-6இல் வந்து செக் சொன்னது. வெள்ளையின் பத்தொன்பதாவது நடைக்குப் பிறகு காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார். இரண்டு நடைகளின் வரிசை மாறியது, அவ்வளவுதான்.

மறுநாள் அந்த மாணவியைக் கூப்பிட்டு இந்த ஆட்டத்தைக் காட்டினேன். ஆறுதலுக்காக அல்ல. பார்த்து முடித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "காஸ்பரோவுக்கு யாரு சார் சொல்லிக்கொடுத்தது?" என்பதுதான்! எனக்குச் சிரிப்பு வந்தது, உறைக்கவும் செய்தது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. போன மாதம் ஒரு தகப்பனார் என்னிடம், "சார், பையனுக்குத் தற்காப்பெல்லாம் ஏன் சொல்லிக்கொடுக்குறீங்க? பயந்தாங்கொள்ளியா ஆயிடுவான். அடிச்சு ஆடச் சொல்லுங்க" என்றார். அவருடைய அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் 1960இல் என்ன நடந்தது என்று அவருக்குச் சொன்னேன். மிகயில் தால் என்ற 23 வயது இளைஞர், அடித்து ஆடுவதில் அவருக்கு நிகர் யாருமே இல்லை, உலகச் சாம்பியன் போட்வின்னிக்கைத் தோற்கடித்துப் பட்டத்தைப் பறித்தார். அடுத்த ஆண்டு மறுபோட்டி. போட்வின்னிக்குக்கு வயது 49. இனி முடியாது என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். அவர் கறுப்புக்குக் கையில் எடுத்துக்கொண்டது, முந்தைய ஆண்டு தோற்றபோதும் ஆடிய இதே காரோ-கானைத்தான். தோற்றுவிட்டோமே என்று தூக்கி எறியவில்லை. எங்கே ஓட்டை என்று பார்த்துப் பார்த்து அடைத்துக்கொண்டு வந்தார். 13-க்கு 8 என்ற கணக்கில் பட்டத்தைத் திரும்ப வாங்கினார். அவரைப் பயந்தாங்கொள்ளி என்று யார் சொல்வது?

நம் பக்கத்திலேயே நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2024ஆம் ஆண்டு கடைசியில், ஜொகூர்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரின் செந்தோசாவில் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. சீனாவின் டிங் லிரென், சென்னையில் பிறந்த 18 வயது குகேஷ். முதல் ஆட்டத்தில் குகேஷுக்கு வெள்ளை. இ-4 ஆடினார். டிங் அந்தப் பிரெஞ்சுத் தற்காப்பை ஆடினார். ஜெயித்தது யார்? கறுப்பு. பதினான்காவது ஆட்டம், டிசம்பர் 12. இருவரும் சமநிலை. இந்த முறை டிங்குக்கு வெள்ளை, குகேஷுக்குக் கறுப்பு. டிராவில் முடியும், பிறகு விரைவாட்டத்தில் பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். குகேஷ் ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்துக்கொண்டு, டிரா என்று விட்டுவிடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். ஐம்பத்தைந்தாவது நடையில் டிங் தன் கோட்டையை எஃப்-2இல் வைத்தார். கோட்டைகளை மாற்றிக்கொண்டால் போதும் என்று நினைத்திருக்கலாம். மாற்றிக்கொண்டு, பிஷப்பையும் மாற்றிக்கொண்டால், மிச்சம் இருப்பது சிப்பாய் ஆட்டம். அது தோற்ற ஆட்டம். குகேஷ் அதைப் பார்த்துவிட்டார். அந்தப் பிள்ளை பட்டம் வாங்கியது கறுப்புக் காயை வைத்துக்கொண்டுதான். அந்தத் தகப்பனார் ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் பையனோடு அவரும் வந்து உட்கார்ந்துகொண்டார்.

வீட்டில் ஆடிப் பழகுவதற்கு இரண்டு மூன்று விஷயங்கள். வெள்ளை எடுக்க ஆள் இல்லை என்றால் அம்மாவை, தாத்தாவை உட்கார வையுங்கள். அவர்களுக்கு ஆட்டம் தெரியாவிட்டாலும் சரி. நீங்கள் ஒவ்வொரு நடை ஆடும்போதும் அது ஏன் என்று அவர்களிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்ல வரவில்லை என்றால் அந்த நடை உங்களுக்குத் தெரியவில்லை. அந்த டி-7 குதிரை வழியை ஒரு வருடத்துக்குத் தொட வேண்டாம். பிஷப் வழியே போதும். தோற்ற ஆட்டத்தை எழுதி வையுங்கள். ஜெயித்ததை எழுதாவிட்டாலும் பரவாயில்லை. அப்புறம், ஆட்டம் கொஞ்சம் சமமாக இருந்தாலே "டிரா, டிரா" என்று கையை நீட்டுகிறீர்களே, அதை நிறுத்துங்கள். தற்காப்பு என்பது டிரா வாங்குவதற்கான சீட்டு அல்ல.

நேரம் ஆகிவிட்டது. தேநீர் தயாராக இருக்கிறது என்று டீச்சர் கையைக் காட்டுகிறார். அதற்கு முன்னால் ஒரு ஆட்டம். நான் சொன்ன மாணவி இப்போது ஆறாம் ஆண்டு. அதோ, இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இந்த ஆண்டும் காரோ-கானைத்தான் ஆடுகிறார், நான் எதைச் சொன்னாலும் "ஏன் சார்?" என்று மூன்று முறை கேட்காமல் விடுவதில்லை. வாம்மா, மேடைக்கு வா. கறுப்புப் பக்கம் உட்கார். வெள்ளைக்கு யார் வருகிறீர்கள்? பெற்றோரில் ஒருவர் வந்தால் நன்றாக இருக்கும். ஐயா, கையைத் தூக்கினீர்களா? வாருங்கள், வாருங்கள்.